பதினைந்தாவது கோடு ஃபெயில் மார்க் இல்லைங்க: குழந்தையின் வளர்ச்சி அட்டையைப் படிப்பது எப்படி?

எடை போடும் நாளில் எந்த அங்கன்வாடி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"டீச்சர், பாப்பா எவ்ளோ இருக்கா?"

"எட்டு எண்ணூறும்மா."

"அய்யோ, பக்கத்து வீட்டுப் பாப்பா ஒம்பது கிலோ இருக்காளே! ரெண்டு பேரும் ஒரே மாசத்துலதானே பொறந்தாங்க?"

கேட்டவர் முகம் வாடிவிடும். போகும் வழியில் மருந்துக்கடையில் ஒரு டானிக் பாட்டிலும் ஒரு சத்து பவுடர் டப்பாவும் வாங்கிக்கொண்டு போவார். ஒன்பது கிலோ குழந்தையின் தாய் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆனால் இந்த இருவரில், நின்று நிதானமாக டீச்சரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டியவர் அந்த ஒன்பது கிலோ குழந்தையின் தாயாகவும் இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு பேர் கையிலும் தாய் சேய் நல அட்டை இருக்கிறது. அதற்குள் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. தடுப்பூசிப் பக்கத்தைத் தேதி தவறாமல் பார்க்கும் நாம், இந்தப் பக்கத்தை மட்டும் "அது அவங்க எழுதிக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அது நமக்காகப் போட்ட பக்கம்.

பெர்சென்டைல் என்றால் என்ன?

தனியார் கிளினிக்கில் குழந்தை மருத்துவர், "உங்க குழந்தை பதினைஞ்சாவது பெர்சென்டைல்ல இருக்கு" என்று சொன்னதும் பல பெற்றோருக்கு நெஞ்சு திக்கென்கிறது. பதினைந்து என்றால் நம் மனசுக்குள் உடனே வருவது நூற்றுக்குப் பதினைந்து மார்க். முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ்!

பெர்சென்டைல் என்பது மார்க் இல்லை. அது வரிசையில் ஓர் இடம். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்கு உயர வாரியாக நிற்க வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆரோக்கியமாக இருக்கும், ஒரே வயதுள்ள 100 பெண் குழந்தைகளை எடை வாரியாக நிற்க வைத்தால், குறைந்த எடையிலிருந்து எண்ணி வரும்போது பதினைந்தாவதாக வரும் குழந்தை 15-வது பெர்சென்டைல். தமிழில் இதைச் சதமானம் என்கிறார்கள். சரியாக நடுவில் நிற்பவர் 50-வது. கடைசியில் 97-வது.

இந்த வரிசையில் நிற்கும் 100 பேருமே ஆரோக்கியமானவர்கள். யாராவது ஒருவர் முன்னால் நின்றுதானே ஆகணும்? முன்வரிசையில் நிற்கும் சின்னப் பையனை யாரும் "உனக்கு என்ன நோய்?" என்று கேட்பதில்லை. ஆகவே 15-வது இடத்தில் இருப்பது குறையும் அல்ல, 85-வது இடத்தில் இருப்பது பெருமையும் அல்ல. எல்லாக் குழந்தையையும் 50-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமே தப்பு. எல்லாரும் நடுவில் நிற்கிற வரிசை உலகத்தில் எங்கேயும் கிடையாது.

அங்கன்வாடி அட்டையில் பெர்சென்டைல் எண்கள் போட்டிருக்காது. அங்கே நிறம்தான். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதை வைத்துப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு (சில இடங்களில் சிவப்பு) என்று பிரித்திருப்பார்கள். கணக்கு முறை வேறு என்றாலும் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கும் கோடு, கிளினிக் வரைபடத்தின் 3-வது பெர்சென்டைல் கோட்டுக்கு மிக அருகில் வரும். அந்த இடத்திலிருந்து கவனிப்பு தேவை. மஞ்சளுக்கும் கீழே போனால் தீவிர எடைக்குறைவு. அதற்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு குழந்தைகள், இரண்டு கோடுகள்

இப்போது வாசலில் பார்த்த அந்த இரண்டு பாப்பாக்களுக்கு வருவோம். இருவருக்கும் வயது ஒன்றரை. ஒரு கணக்குக்காக அவர்களின் பழைய எடைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் பாப்பா ஆறாவது மாதத்தில் 6.3 கிலோ. ஒன்பதில் 7.1. ஒரு வயதில் 7.7. பதினைந்தாவது மாதம் 8.3. இப்போது 8.8. இந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், ஆரம்பத்திலிருந்தே 15-வது கோட்டுக்குச் சற்றுக் கீழே, அந்தக் கோட்டை ஒட்டியே ஏறி வருகிறது. ரயில் தண்டவாளம் மாதிரி. இந்தக் குழந்தை அதன் வழியில் சரியாக வளர்கிறது. அம்மாவும் அப்பாவும் சிறு உடல்வாகு என்றால் இன்னும் யோசிக்கவே வேண்டியதில்லை. டானிக்குக்குப் போகிற காசில் முட்டை வாங்கலாம்.

இரண்டாவது பாப்பா ஆறாவது மாதத்தில் 7.9 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தையின் நடு எடையே 7.3 தான், ஆக நடுக்கோட்டுக்கு மேலே, கொழுகொழுவென்று இருந்தவள். ஒன்பதில் 8.4, இன்னும் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே. ஒரு வயதில் 8.7, நடு எடை 8.9 என்பதால் இப்போது கோட்டுக்குக் கீழே வந்துவிட்டாள். பதினைந்தாவது மாதம் 8.9, நடு எடையோ 9.6. இப்போது 9 கிலோ. நடு எடை 10.2. அதாவது நடுவுக்கு மேலே இருந்தவள் ஒரே வருடத்தில் 15-வது கோட்டுப் பக்கம் இறங்கி வந்திருக்கிறாள். கடைசி ஆறு மாதத்தில் ஏறியது வெறும் 300 கிராம்.

இன்றைக்குத் தராசில் பார்த்தால் இரண்டாவது பாப்பா 200 கிராம் கூடுதல். நிறத்தைப் பார்த்தால் இருவரும் பச்சை. மஞ்சள் எல்லை இந்த வயதில் ஏறக்குறைய 8.1 கிலோவில்தான் வருகிறது. ஒரு நாள் எடையையும் நிறத்தையும் மட்டும் பார்த்தால் இரண்டு பேரும் "நல்லா இருக்காங்க." கோட்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருத்தி ஏறுகிறாள், ஒருத்தி சரிகிறாள் என்பது தெரியும். இப்படியே போனால் இன்னும் சில மாதத்தில் மஞ்சளுக்கு வந்துவிடுவாள். மஞ்சள் வந்த பிறகு ஓடுவதைவிட, பச்சையில் சரியும்போதே பிடிப்பது எவ்வளவோ சுலபம். மாதாமாதம் எடை போடச் சொல்வதே இதற்காகத்தான்.

இதில் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் வருடத்தில் ஒரு பெண் குழந்தைக்கு சராசரியாக ஐந்தரை கிலோவுக்கு மேல் ஏறும். இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவதே ஏறத்தாழ இரண்டரை கிலோதான். "முன்ன மாதிரி எடை ஏறலையே" என்று ஒரு வயதுக் குழந்தையின் தாய் சொல்வது பெரும்பாலும் இயல்பான விஷயம். வரைபடத்தின் கோடுகளே அந்த வயதில் சாய்ந்துதான் போகின்றன. ஆகவே முன்பு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிடாதீர்கள். அட்டையில் அச்சிட்ட பக்கத்துக் கோட்டோடு உங்கள் குழந்தையின் கோடு இணையாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். இணையாகப் போனால் சரி. படுத்துவிட்டாலோ கீழே குனிந்தாலோ கேள்வி கேளுங்கள். முதல் வருடத்தில் ஒரு மாதம் தேங்கினாலே கேட்கலாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாவிட்டால் கேட்டே ஆக வேண்டும்.

பெரிய எடையோடு பிறந்த குழந்தை, சிறு உடல்வாகுள்ள பெற்றோரின் வழிக்கு முதல் இரண்டு வருடத்தில் மெல்ல இறங்கி, பிறகு அங்கேயே நிலைப்பதும் உண்டு. அது நோய் அல்ல. ஆனால் "அதுதான் இது" என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; நாமோ, மாமியாரோ அல்ல.

கோடு ஏன் சரிகிறது?

பெரும்பாலும் கதை ஆறாவது மாதத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை தாய்ப்பால் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு சாப்பாடும் வேண்டும். சோறூட்டும் சடங்கைக் கோயிலில் வைத்து ஜோராகச் செய்கிறோம். அடுத்த நாளிலிருந்து கொடுப்பது என்னவோ பருப்புத் தண்ணி, ரசம் விட்டுக் கரைத்த சாதம், அரிசிக் கஞ்சியின் மேல்தண்ணி. வயிறு ரொம்பும், எடை ஏறாது. தண்ணியில் என்ன இருக்கு ஏறுவதற்கு?

ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத பதம் வேண்டும். குழைய வேகவைத்த சாதம், பருப்பு (தண்ணி இல்லை, பருப்பு), மசித்த காய் அல்லது கீரை, அதன்மேல் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ. முட்டை கொடுக்கலாம், முள் எடுத்த மீன் கொடுக்கலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவைப் பாலாடைக் கணக்கில் கரைத்துக் குடிக்கக் கொடுக்காமல், கெட்டியாகக் கிளறியோ உருண்டையாகவோ கொடுக்கலாம். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை மூன்று நான்கு வேளை. நடுவில் வாழைப்பழம், சுண்டல் மசியல் மாதிரி ஏதாவது. குழந்தையின் வயிறு சின்னது. நம்மைப் போல மூன்றே வேளையில் முடித்துக்கொள்ள முடியாது.

வீட்டில் சாப்பாடு சரியாக இருந்தும் கோடு சரிந்தால் அப்போது மருத்துவர் தேடுவது வேறு: அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, சளி காய்ச்சல், ரத்தசோகை, குடற்புழு, காசநோய், இதயக் கோளாறு. நாள் முழுக்க பாட்டில் பால் குடித்தே வயிற்றை ரொப்பிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் சாப்பாடும் இறங்காது, இரும்புச்சத்தும் கிடைக்காது. இன்னொன்று, நாம் யாரும் கணக்கில் எடுக்காதது: பிஸ்கட். பத்து ரூபாய் பாக்கெட் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறது.

"பல் முளைக்குது, அதான் இளைச்சிருக்கு", "கண்ணு பட்டிருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சுத்திப் போடுவதென்றால் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. கூடவே எடையும் போட்டுவிடுங்கள்.

"நம்ம ஊரு உடம்பு வாகு அப்படித்தாங்க"

வளர்ச்சி அட்டையைப் பற்றிப் பேசினால் படித்தவர்களே கேட்கும் கேள்வி இது. வெளிநாட்டுக் குழந்தைகளை வைத்துப் போட்ட கோட்டில் நம் குழந்தைகளை அளப்பது நியாயமா?

நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது நாம் பயன்படுத்தும் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டவை. 1997-லிருந்து 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கியவை. இந்தியாவில் அளந்த இடம் தெற்கு டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, தடுப்பூசியும் நல்ல சாப்பாடும் சுகாதாரமான வீடும் கிடைத்த குழந்தைகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். பார்த்தால், ஐந்து வயது வரை எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். உயரத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்த பங்கு சுமார் 3 சதவீதம்தான்; ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வித்தியாசம்தான் மிகப் பெரிய பங்கு. இந்தியா 2008-ல் இந்தக் கோடுகளை அங்கன்வாடிகளுக்கு எடுத்துக்கொண்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நலமாக வளரும் 100 குழந்தைகளில் அந்த மஞ்சள் எல்லைக்குக் கீழே இயல்பாகவே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சரி. தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2019–21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரண்டு மூன்று பேர் இருந்தால் உடல்வாகு என்று சொல்லலாம். இருபத்திரண்டு பேர் இருந்தால் அது உடல்வாகு கணக்கில் வராது. தனி ஒரு குழந்தையைப் பார்க்கும்போது "பயப்படாதீங்க" என்று சொல்லும் அதே வரைபடம், ஊரை மொத்தமாகப் பார்க்கும்போது வேறு விஷயம் சொல்கிறது.

எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

இரண்டு வயது முடிந்த ஒரு பெண் குழந்தை. எடை 10 கிலோ. பச்சை. ஆள் ஒல்லியாகவும் தெரியவில்லை, கன்னமெல்லாம் நிறைந்துதான் இருக்கிறது. உயரம் அளந்தால் 79 சென்டிமீட்டர். இந்த வயதுக்கு நடு உயரம் 85.7, மஞ்சள் எல்லை 79.3. குழந்தை அதற்கும் கீழே இருக்கிறாள். உயரம் குறைவாக இருப்பதால் அந்த 10 கிலோ அவளுக்குப் போதுமானதாகத் தெரிகிறது. அதனால் யார் கண்ணுக்கும் படவில்லை.

எடை சமீபத்திய கதையைச் சொல்லும். ஒரு வாரம் பேதியானால் இறங்கும், நன்றாகத் தேறினால் ஏறும். உயரம் நீண்ட காலக் கதை. பல மாதம் சத்துக் குறைவும் திரும்பத் திரும்ப நோயும் இருந்தால்தான் உயரம் பின்தங்கும். பின்தங்கிய உயரத்தை மீட்பது கஷ்டம். அதுவும் இரண்டு வயதுக்குப் பிறகு இன்னும் கஷ்டம். கரு உருவானதிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலான முதல் ஆயிரம் நாள் என்று சுகாதாரத் துறையினர் ஓயாமல் சொல்வது இதனால்தான். அங்கன்வாடியில் எடை போட்டதும் கிளம்பிவிடாமல், "உயரமும் பாத்து எழுதிடுங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒன்று, உயரத்துக்கேற்ற எடை. நல்ல உயரமான குழந்தை எலும்பும் தோலுமாக இருந்தால் இதில் மாட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இதை இன்னும் சுலபமாகப் பார்க்க ஒரு நாடா இருக்கிறது. இடது கையின் மேல்பகுதியில், தோளுக்கும் முழங்கைக்கும் சரியாக நடுவில் சுற்றிப் பார்ப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கவனிப்பு. 11.5-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், தராசு என்ன காட்டினாலும் நம்பாதீர்கள். அந்த வீக்கம் நீர். எடையைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

அளவு தப்பானால் எல்லாமே தப்பு

ஒரு புள்ளியை வைத்து பயப்படுவதற்கு முன் அந்தப் புள்ளி சரிதானா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், ஸ்வெட்டர், நனைந்த டயப்பர் எல்லாம் சேர்ந்தால் கால் கிலோவுக்குக் குறையாது. ஒன்றரை வயதில் கால் கிலோ என்பது ஒரு மாத வளர்ச்சி! தராசு முதலில் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா பாருங்கள். முடிந்தவரை ஒரே தராசு. கிளினிக் தராசில் ஒரு மாதம், அங்கன்வாடித் தராசில் ஒரு மாதம் என்று மாற்றிப் போட்டு "குறைஞ்சிடுச்சு" என்று பதற வேண்டாம்.

உயரத்தில் தப்பு இன்னும் சுலபமாக நடக்கும். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து நீளம். இரண்டு வயதுக்குப் பிறகு நிற்க வைத்து உயரம். ஒரே குழந்தையை இரண்டு விதமாகவும் அளந்தால் படுத்த அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். ஆகவே இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு திடீரென்று உயரம் குறைந்த மாதிரி தெரிந்தால் அது குழந்தையின் குறை இல்லை. படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தைப் பார்க்க. நீங்களே அந்த இரண்டாவது ஆளாக இருங்கள். நிற்க வைக்கும்போது குதிகால், பிட்டம், தோள், பின்தலை சுவரில் பட வேண்டும். உச்சிக் குடுமி, ஹேர்பேண்ட், பூவை எடுத்துவிட வேண்டும்.

பிறந்த தேதியும் ஒரு அளவுதான். பதிவேட்டில் ஒரு மாதம் தள்ளி எழுதியிருந்தால் புள்ளி வேறு இடத்தில் விழும். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் அங்கன்வாடிப் பதிவில் உள்ள தேதியும் ஒன்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இரண்டு வயது வரை வயதைத் திருத்தித்தான் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியிருந்தால், வரைபடத்தில் ஆறு மாத இடத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும். இதை டீச்சரிடம் நீங்கள்தான் ஞாபகப்படுத்தணும். பிரசவத்தின்போது அவர் உங்களோடு இல்லை.

பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை பத்து சதவீதம் வரை குறையலாம். பத்து, பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். "தாய்ப்பால் பத்தலை" என்று அந்தச் சமயத்தில் பவுடர் பால் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடம் போன பிறகு

ஐந்து வயது முதல் பதினெட்டு வரை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்துவது, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட பெர்சென்டைல் வரைபடங்கள். இவை இந்தியப் பள்ளிக் குழந்தைகளை அளந்து போட்டவை. இந்த வயதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உயரம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதை. நாலு வயதிலிருந்து பருவ வயது தொடங்கும் வரை வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஏறும். நாலுக்கும் கீழே போனால் மருத்துவரிடம் காட்டலாம். தைராய்டு குறைபாடு மாதிரி சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காரணமாகக்கூட இருக்கலாம். பெண் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்த பிறகு உயரம் ஏறுவதற்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். பத்து வயதில் கேட்க வேண்டிய கேள்வியைப் பதினாலில் கேட்டுப் பயனில்லை.

பெற்றோரின் உயரத்தை வைத்து ஒரு தோராயக் கணக்கும் போடலாம். அப்பா 165, அம்மா 152 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, பாதியாக்குங்கள். பையனுக்கு 165, பெண்ணுக்கு 152 வரும். இதிலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ போகலாம். இந்த வீட்டுப் பையன் வகுப்பில் முன்வரிசையில் நின்றால் அதற்காக உயரம் கூட்டும் பவுடர் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டியதில்லை.

மேல்பக்கக் கோடுகளும் சும்மா போட்டதில்லை. எடைக்கோடு உயரக்கோட்டை விட்டு வேகமாக மேலே போகிறது என்றால் அது உடல்பருமன். "சாப்பிடுற புள்ள" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம்.

எங்கே போவது?

மாதாந்திர எடை உங்கள் ஊர் அங்கன்வாடியில். எழுதியதை டீச்சர் தன் செல்பேசியில் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றுகிறார். அட்டையிலும் புள்ளி வைக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். பதிவேட்டில் எண் இருந்தால் மட்டும் போதாது, கோடாகப் பார்த்தால்தான் சரிவு தெரியும். அவருக்கு நேரமில்லாவிட்டால் வயது எங்கே, எடை எங்கே என்று ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதத்திலிருந்து நீங்களே வைத்துவிடலாம். படுக்கைக் கோட்டில் மாதம், நிற்கும் கோட்டில் கிலோ, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. எட்டாம் வகுப்பு கிராஃப் தாள்தான்.

கோடு சரிந்தால் அடுத்து கிராம சுகாதார செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், எடையும் உயரமும் குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் குழந்தையின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, கூப்பிட்ட நாளில் போய்விடுங்கள். தீவிரமாக மெலிந்த, காய்ச்சலோ வீக்கமோ பசியின்மையோ உள்ள குழந்தைகளை அரசு மருத்துவமனைகளில் உள்ள ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் தாயோடு தங்க வைத்துப் பார்ப்பார்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104 எண்ணில் கேட்கலாம்.

செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கட்டட வேலை என்று சில மாதம் ஊர் மாறிப் போகும் குடும்பங்கள் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது நாலைந்து மாதப் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். குழந்தை சரிந்ததும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். போகிற இடத்தில் இருக்கும் அங்கன்வாடியிலும் குழந்தையைப் பதிவு செய்து எடை போடலாம். அட்டையைத் துணி மூட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வளர்ச்சிப் பக்கத்தை செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.